காஞ்சிரங்குளத்து வீடு

ஏப்ரல் மாதத்தின் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, நகரத்துச் சபைகளில் ஒருவரையொருவர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஊருக்கு எப்போது?" சென்னையில் வாடகை வீட்டில் இருந்தாலும், சொந்தமாக அடுக்குமாடியில் ஒரு பகுதியை வாங்கியிருந்தாலும், நம்மில் பலருக்கு ஊரில் ஒரு பழைய வீடு இருக்கிறது. பதினொரு மாதம் அதை நினைப்பதில்லை. மே மாதத்தில் பத்து நாட்கள் அங்கே தங்கி, மாங்காய் தின்று, கிணற்றில் குளித்துவிட்டுத் திரும்புகிறோம். அத்தகைய வீடு ஒன்றைப் பற்றியும், அதைப் புதுப்பிக்கப் போன இடத்தில் நான் வெட்கப்பட்டு நின்றதைப் பற்றியும் இம்மாதம் எழுதுகிறேன்.

எங்கள் வீடு காஞ்சிரங்குளத்தில் இருக்கிறது. கேரள மாநிலம் திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாற்றின்கரை தாலுகாவில், கடலுக்கு அருகே உள்ள ஊர் அது. பெயரிலேயே காஞ்சிர மரமும் குளமும் இருக்கின்றன. சென்னை எழும்பூரில் மாலையில் ரயில் ஏறினால், மறுநாள் நாகர்கோவிலையும் குழித்துறையையும் கடந்து பாறசாலை வந்துவிடும். தமிழ் எழுத்துப் பலகைகள் அங்கே மலையாளத்துக்கு மாறுகின்றன. ஆனால் நிலமும் மரங்களும் மாறுவதில்லை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரையையும் சேர்க்க வேண்டுமென்று எழுந்த கோரிக்கை நிறைவேறவில்லை. எங்கள் பெரியவர்கள் வேதம் வாசித்தது தமிழில். நிலத்துக்குக் கரம் கட்டிய ரசீது மலையாளத்தில்.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது 1979-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் வேலை தேடி நகரங்களுக்குச் சென்ற எங்கள் உறவினர், பேருந்து மாறி மாறி ஊர் வந்து சேர்ந்தார்கள். இப்போது நெய்யாற்றின்கரையில் இறங்கினால், பூவாறு செல்லும் பேருந்தில் அரை மணி நேரத்தில் வீட்டு முற்றத்தை மிதித்துவிடலாம்.

ஓலையும் ஓடும்

அந்த வீட்டுக்கு முதலில் கால் நாட்டியவர் என் பாட்டாவின் தகப்பனார். பனையேறிப் பதநீர் இறக்கிப் பிழைத்த குடும்பம். மண்ணைக் குழைத்து வைத்த சுவர், பனந்தடியில் செதுக்கிய கழுக்கோல், மேலே ஓலை. ஓலை வீட்டை ஒரு முறை கட்டி முடித்தோம் என்று இருக்க முடியாது. இடவப்பாதி மழை இறங்குவதற்கு முன், ஆண்டுதோறும் மேய்ந்தாக வேண்டும். அந்த ஒரு நாளில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து கைகொடுப்பார்கள். மறுநாள் நாங்கள் அவர்கள் வீட்டுக் கூரையில் ஏறுவோம். கூலி கிடையாது, கஞ்சியும் மரச்சீனியும் உண்டு.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் எங்கள் முன்னோர் எப்படி வீடு கட்டலாம் என்பதற்கும் வரம்பு இருந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மட்டீர் 1871-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், அக்காலத்து நாடார் மக்கள்மேல் சுமத்தப்பட்டிருந்த தடைகளைப் பதிவு செய்திருக்கிறார். குடை பிடிக்கக் கூடாது. செருப்பு அணியக் கூடாது. பொன் நகை பூணக் கூடாது. ஒரு நிலைக்கு மேல் வீடு உயரக் கூடாது. பெண்கள் மேலாடை அணிவதற்கே நீண்ட போராட்டம் தேவைப்பட்டது. 1859-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி வெளியான அரச விளம்பரம்தான், அதுவும் நிபந்தனைகளோடு, அதற்கு வழி திறந்தது. அப்படிப்பட்ட தேசத்தில் ஒரு குடும்பம் வீட்டுக்கூரையை மாற்றுவது, வெறும் மராமத்து வேலை அல்ல என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பாட்டா காலத்தில் ஓலை போய் ஓடு வந்தது. நம் பக்கத்தில் மங்களூர் ஓடு என்று சொல்லப்படும் தட்டோட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. பாசல் மிஷனைச் சேர்ந்த ஊழியர்கள் 1865-ஆம் ஆண்டில் மங்களூரில் ஓட்டாலை ஒன்றைத் தொடங்கினார்கள். ஞானஸ்நானம் எடுத்ததினால் சாதியையும் அதனோடு தொழிலையும் இழந்து நின்றவர்களுக்கு வேலை கொடுப்பதும் அவர்களுடைய நோக்கங்களில் ஒன்று. பின்னர் மேற்குக் கடற்கரை நெடுகப் பல ஆலைகள் எழும்பின. ஒன்றோடொன்று கொளுவி நிற்கும்படி விளிம்பில் பள்ளமும் மேடும் வைத்து வார்க்கப்பட்ட ஓடு அது. சாந்து பூசாமலே அடுக்கலாம். ஒன்று உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம்.

பாட்டா மண்சுவரை இடித்து வெட்டுகல்லில் கட்டினார். ஆனால் தகப்பனார் வைத்த பனங்கழுக்கோல்களை எறியவில்லை. முற்றிய பனையின் வெளிவைரம் அத்தனை உறுதியானது. ஆசாரி அவற்றைச் சீவி, அதே கழுக்கோல்களின் மேல் பட்டியல் அடித்து ஓடு ஏற்றினார்.

அப்பா காலத்தில் தரைக்குச் சிவப்புச் சிமெண்டு வந்தது, மின்சாரம் வந்தது. சித்தப்பா வளைகுடா நாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் முன்புறத்தில் ஓர் அறைக்கு மட்டும் காங்கிரீட் தளம் போட்டார்கள். அடுக்களையும், நெல் பத்தாயம் இருந்த அறைப்புரையும் ஓட்டின் கீழேயே இருந்தன. இப்படி மூன்று தலைமுறையும் முந்தின தலைமுறையின் வேலையில் ஏதாவது ஒன்றைக் காத்துக்கொண்டுதான் தங்கள் பங்கைச் சேர்த்திருந்தார்கள்.

நான்காம் தலைமுறையின் வரைபடம்

நான்காம் தலைமுறையாகிய நாங்கள் ஐந்து பேர். மூத்தவள் அக்காள், அவளுக்குப் பின் ஆண்கள் நால்வர். நாங்கள் நால்வரும் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் என்று சிதறிப்போனோம். அக்காள் திருமணமாகிப் போன வீட்டில் சில ஆண்டுகளிலேயே அத்தான் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பிள்ளைகள் இல்லை. அவள் காஞ்சிரங்குளத்துக்குத் திரும்பி வந்தாள். அப்பாவின் கடைசி நாட்களிலும், அதன் பின் அம்மையின் நீண்ட படுக்கையிலும், கூட இருந்தவள் அவள்தான். மழைக்கு முன் ஓடு மாற்ற ஆள் பிடிப்பவளும், கிணறு இறைப்பவளும், மே மாதத்தில் எங்கள் இருபது பேருக்கும் இலை போடுகிறவளும் அவளே.

2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் நாங்கள் நால்வரும் குடும்பங்களோடு கூடினோம். விழிஞத்தில் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்தது. சுற்று வட்டாரத்தில் நிலத்தரகர்கள் நடமாடினார்கள். "விற்றுவிடலாம்" என்றார் ஒரு தம்பி. "விற்க வேண்டாம், இடித்துவிட்டு இரண்டு நிலையில் நல்லதொரு விடுமுறை வீடு கட்டுவோம், நாம் வராத மாதங்களில் வாடகைக்கும் விடலாம்" என்றார் மற்றொருவர். அவர் பொறியாளர் ஒருவரிடம் வரைபடமும் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நான்கு படுக்கையறைகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் குளியலறை. ஒரு விருந்தினர் அறை. மாடியில் கடல் காற்று வாங்க ஒரு முகப்பு. திண்ணையில் வரைபடத்தை விரித்துவைத்து, எவருக்கு எந்த அறை என்று பிள்ளைகள் குதூகலமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அக்காள் கட்டங்காப்பி கொண்டுவந்து வைத்தாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சற்று நேரம் அந்தத் தாளைப் பார்த்தாள். பிறகு என்னிடம், "தம்பி, என் கட்டில் இதில் எந்த அறையில் கிடக்கும்?" என்று கேட்டாள்.

கோபத்தோடு கேட்கவில்லை. அறிந்துகொள்ளத்தான் கேட்டாள். எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. "விருந்தினர் அறை இருக்கிறதே மாமி" என்றான் என் தம்பி மகன். அவன் சிறுவன், அவன்மேல் குற்றமில்லை.

கடற்கரையில் ஒரு மாளிகை

மறுநாள் பிள்ளைகள் கடல் பார்க்க வேண்டுமென்றார்கள். விழிஞம் வழியாகக் கோவளம் சென்றோம். காஞ்சிரங்குளத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். அங்கே கடலைப் பார்த்தபடி குன்றின்மேல் ஹால்சியன் மாளிகை நிற்கிறது. உள்ளபடியே ஒரு குடும்பத்தின் விடுமுறை வீடாக 1932-ஆம் ஆண்டில் கட்டப்பட்டது அது. 1924 முதல் 1931 வரை திருவிதாங்கூரை ஆட்சி செய்த மகாராணி சேது லட்சுமி பாயின் கணவர், ராமவர்மா வலிய கோயில் தம்புரான் அதைக் கட்டுவித்தார்.

எங்கள் பாட்டன்மார் ஒரு நிலைக்கு மேல் கட்டக்கூடாதென்றிருந்த அதே தேசத்தின் அரச குடும்பம் கட்டிய வீடு. ஆனால் அதுவும் பிள்ளைகளுக்குப் பிள்ளைகளாக நிலைக்கவில்லை. சுதந்தரத்துக்குப் பின் மகாராணியும் நம்மைப்போல் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். பெங்களூரில் வாழ்ந்து 1985-ஆம் ஆண்டில் அங்கேயே காலமானார். கோவளத்து மாளிகை 1964-ஆம் ஆண்டில் கேரள அரசுக்கு விற்கப்பட்டது. பின்னர் மத்திய அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கைக்குச் சென்று ஹோட்டல் வளாகத்தின் பகுதியாயிற்று. 2002-ஆம் ஆண்டில் அந்த ஹோட்டல் தனியாருக்கு விற்கப்பட்டபோது, மாளிகையும் அதனோடு சேர்ந்து போனதா என்ற வழக்கு எழுந்தது. 2005-ஆம் ஆண்டில் மாநில அரசு அதை மீட்கச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2017-ஆம் ஆண்டில் மாளிகையைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்க அரசு முடிவெடுத்தபோதும், சொத்துரிமை குறித்து வழக்காடும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

பிள்ளைகள் அலையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த மாளிகையைப் பார்த்தபடி நின்றேன். கல்லிலும் சுண்ணாம்பிலும் ஒரு குறையும் வைக்காத வீடு அது. இருந்தும், இது யாருடையது என்ற ஒரு கேள்விதான் இத்தனை ஆண்டுகள் அதைச் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டிலும் அக்காள் கேட்டது அதே கேள்வி. அதற்கு விடை என் பெட்டியிலிருந்த ஒரு பத்திரத்தில் இருந்தது. அந்தப் பத்திரத்தை உண்டாக்கியவன் நான்.

ஒழிமுறி

அப்பா மறைந்தது 1990-களில். வீட்டையும் புரையிடத்தையும் எங்கள் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. அண்ணன் தம்பிகளில் படித்தவன், நாலு பேர் மதிப்பவன் என்று அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. அக்காளிடம், "உனக்கு ஸ்ரீதனம் கொடுத்தாயிற்றே; ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் வேலை எளிதாகும்" என்றேன். பதிவு அலுவலகத்தில் அவள் என் பக்கத்தில் நின்று கையெழுத்திட்டாள். அப்பகுதியில் அதற்கு ஒழிமுறி என்று பெயர். தமிழகத்தில் விடுதலைப் பத்திரம் என்போம். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. நானும் வாசித்துக் காட்டவில்லை.

சட்டம் தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது. திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர்களுக்கென்று 1916-ஆம் ஆண்டில் ஒரு வாரிசுச் சட்டம் இருந்தது. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால், மகளுக்கு மகனுடைய பங்கில் நாலில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான். ஸ்ரீதனம் கொடுத்திருந்தாலோ, கொடுப்பதாக வாக்குப் பண்ணியிருந்தாலோ அதுவும் இல்லை. ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கமுடைய சில தாலுகாக்களின் சில புரொட்டஸ்டண்டு குடும்பத்தாருக்கும், லத்தீன் கத்தோலிக்கரில் சில பிரிவினருக்கும் அந்தச் சட்டமே விலக்கு அளித்திருந்தது. ஆகவே சமபங்கு என்பது நம் தேசத்துக்குப் புதிய காரியமல்ல.

கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் என்ற சகோதரி தொடுத்த வழக்கில், 1986-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருவிதாங்கூர்ச் சட்டம் 1951-ஆம் ஆண்டிலிருந்தே செல்லாது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே அங்குள்ள கிறிஸ்தவர்களுக்கும் பொருந்தும் என்பது அத்தீர்ப்பு. அதன்படி, உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி, மகன் மகள் என்ற பேதமின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும். ஸ்ரீதனம் வாங்கினாள் என்பதற்காக மகள் அந்த உரிமையை இழப்பதில்லை.

அந்தத் தீர்ப்பைச் செய்தித்தாளில் படித்தவன்தான் நான். படித்திருந்தபடியால்தான் கையெழுத்து வாங்க வேண்டுமென்று தோன்றியது. இதை எழுதும்போது என் கை கூசுகிறது. செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவரும் மோசேக்கு முன்பாக நின்று தங்கள் தகப்பனுடைய சுதந்தரத்தைக் கேட்டதையும், அவர்கள் கேட்டது நியாயம் என்று தேவன் சொன்னதையும் எண்ணாகமம் 27-ஆம் அதிகாரத்திலிருந்து எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். என் சொந்த அக்காள் கேட்காமலே நின்றாள். நான் கொடுக்காமலே இருந்தேன்.

கோவளத்திலிருந்து திரும்பிய அன்றிரவு, சகோதரர் மூவரையும் உட்காரவைத்து இதைச் சொன்னேன். எளிதாக முடியவில்லை. "அவளுக்குப் பிறகு எப்படியும் நமக்குத்தானே வரப்போகிறது, எதற்கு வீண் செலவு?" என்று ஒருவர் கேட்டார். இருக்கும்போது அவளுடையதாக இருக்கட்டும் என்றேன். இரண்டு பேர் அன்றே சம்மதித்தார்கள். மூன்றாமவர் சம்மதிக்க எட்டு மாதம் ஆயிற்று. இன்றும் அவருக்கு முழு மனது இல்லை. ஆயினும் நால்வரும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கை அக்காளுக்கு எழுதிப் பதிவு செய்தோம். இம்முறை அலுவலகத்து வாசலில் உட்கார்ந்து, பத்திரத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

இடிக்காமல் புதுப்பித்தது

அதன் பிறகுதான் வீட்டைப் பற்றிப் பேசினோம். ஐந்து பங்காளிகளும் பேசியபோது, இடிக்க வேண்டாம் என்ற சொல் அக்காளிடமிருந்து வந்தது. "பாட்டா வைத்த கழுக்கோல் இன்னும் பத்து மழை தாங்கும்" என்றாள். ஆசாரியை வரவழைத்துத் தட்டிப் பார்த்தோம். அவள் சொன்னது சரி. அயினிப் பலகைகளில் சிலவற்றைக் கறையான் தின்றிருந்தது. பனங்கழுக்கோல்களில் இரண்டைத் தவிர மற்றவை அப்படியே இருந்தன.

திருவனந்தபுரத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்து 2007-ஆம் ஆண்டில் காலமான லாரி பேக்கரைப் பற்றி வாசகர்களில் சிலர் அறிந்திருக்கலாம். இங்கிலாந்தில் பிறந்து, குஷ்டரோகிகளுக்கு ஊழியம் செய்யும் மிஷன் மூலம் இந்தியாவுக்கு வந்த கட்டடக் கலைஞர். பழைய கதவையும் ஜன்னலையும் ஓட்டையும் திரும்பப் பயன்படுத்திச் சிக்கனமாகக் கட்டுவதைத் தம் வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். நாலாஞ்சிறையில் பாறைச் சரிவின்மேல் தமக்கென்று கட்டிய வீட்டையும் அவர் அவ்விதமே சிறிது சிறிதாக வளர்த்தார். அவர் பரவலாக்கிய முறை ஒன்று எங்களுக்கு உதவிற்று. காங்கிரீட் தளம் வார்க்கும்போது, அதன் கீழ்ப்பகுதியில் இருக்கும் காங்கிரீட் பாரத்தைத் தாங்குவதற்கு அதிகம் உதவுவதில்லை. அங்கே இழுவையைத் தாங்குவது கம்பிதான். ஆகவே கம்பிகளின் இடைவெளியில் பழைய ஓடுகளை வைத்து மேலே வார்த்தால் சிமெண்டும் எடையும் குறையும். இரண்டு ஓடுகளைக் கவிழ்த்து இணைத்து வைத்தால் நடுவில் நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும்.

எங்கள் பெரிய கூரையிலிருந்து ஓடுகளை இறக்கிக் கழுவினோம். நல்லவை திரும்பக் கூரைக்குப் போயின. விளிம்பு உடைந்தவை பின்புறத்தில் புதிதாகக் கட்டிய அறையின் தளத்துக்குள் போயின. கிணற்றுக்கும் அடுக்களைக்கும் அருகிலுள்ள அந்த அறைதான் அக்காளுடையது. அதற்குள்ளேயே கழிப்பறை; வழுக்காத தரை; பிடித்து நடக்கச் சுவரில் ஒரு கம்பி; வாசலில் படிக்குப் பதிலாகச் சரிவு. வீட்டில் முதலில் முடிக்கப்பட்ட அறை அதுவே. எங்களுக்குத் தனித்தனி அறை கிடையாது. பழைய சாவடியிலும் முன் அறையிலும் பாய் விரித்துப் படுக்கிறோம். நகரத்துப் பிள்ளைகள் முதல் இரவு முணுமுணுத்தார்கள். இரண்டாம் இரவு பாட்டும் கதையுமாக உறங்கவே இல்லை.

அன்பானவர்களே, இந்த மே மாதத்தில் உங்களில் பலரும் ஊர் வீட்டைப் புதுப்பிப்பது பற்றிப் பேசுவீர்கள். கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். அதில் யாருடைய பெயர் இருக்கிறது, யாருடைய பெயர் இல்லை என்று பாருங்கள். கேரளத்தில் போக்குவரவு, தமிழகத்தில் பட்டா, எதுவானாலும் கரம் கட்டும் ரசீது சரியான பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். சகோதரியிடம் எப்போதோ வாங்கிய கையெழுத்து இருந்தால், அதை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் இல்லாத மாதங்களில் அந்த வீட்டில் விளக்கேற்றுகிறவர் யார் என்று யோசித்து, வரைபடத்தில் அவருடைய கட்டிலை முதலில் வரையுங்கள். ஓட்டையும் மரத்தையும் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

விழிஞம் துறைமுகம் 2025-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி திறந்துவைக்கப்பட்டது. தரகர்கள் இப்போதும் வருகிறார்கள். அக்காள் அவர்களுக்கும் காப்பி கொடுத்து, "ஐந்து பேரும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும்" என்று அனுப்பிவிடுகிறாளாம். சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தாள். "எத்தனை பேர் வருகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லு தம்பி, இடவப்பாதிக்கு முன் மோட்டு ஓடு இரண்டு மாற்ற வேண்டும், நீ ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்" என்றாள்.

பயணச்சீட்டு எடுத்தாயிற்று.